சைரன் போடாத வண்டி

அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் போனை எடுத்துவிட்டாள் நாத்தனார். அப்பாவின் அடக்கம் முடிந்ததாக ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை, பாவிகள். அண்ணனோ ஊரடங்கில் வெளியூரில் மாட்டிக்கொண்டிருந்தான்.

கொரோனா உதவி எண்ணுக்குக் கூப்பிட்ட தடயம் எதுவும் போனில் இல்லை. இல்லையென்றால் அழித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்?

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டிவியில் வரும் அறிவிப்பு எதையும் நம்பமாட்டார். "போன மாசம் முகமூடி வேணாம்னான், இந்த மாசம் போடலைன்னா பிடிக்கிறான். ரூட்டே தெரியாதவன் வண்டி ஓட்டுறான்" என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தவர். அவருக்குக் காய்ச்சல் வந்தபோது நான்கு நாள் மூடி மறைத்தவளே மகளான இவள்தான். அப்படியும் மூன்று நாளுக்கு முன் விடியற்காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. சைரன் இல்லை. யாரிடமும் வழி கேட்கவில்லை. அண்ணிதான் கதவைத் திறந்துவிட்டாள். இவள் எழுந்து ஓடிவருவதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஈரத்தலையோடு வந்த அண்ணியிடம் போனை நீட்டினாள்.

"நீங்கதானே காட்டிக் கொடுத்தீங்க?"

அண்ணி போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு எப்படிப் பேசும்?

மதியம், தினமும் காய்ச்சல் பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர் வந்தார். இவள் வாசலை மறித்துக்கொண்டாள்.

"யாரு போன் பண்ணதுன்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் தயங்கினார். "உங்கப்பாதாம்மா. நான்தான் பேசினேன். கடைசி ஸ்டாப்பிங் தாண்டி மூணாவது வீடுன்னாரு. சைரன் போடாதீங்க, பொண்ணு முழிச்சிக்கிட்டா விடமாட்டா, அவளுக்கும் ஒட்டிக்கும்னாரு. நாலு நாள் முன்னாடியே கூப்பிட்டிருந்தா..."

அவர் முடிக்காமலே போய்விட்டார்.

"உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

"கதவை மட்டும் திறந்துவிடும்மான்னாரு மாமா. யார்கிட்டயும் சொல்லாதே, ஊரெல்லாம் பொய்யின்னு சொல்லிட்டு நானே கூப்பிட்டேன்னா சிரிப்பாங்கன்னாரு."

மூன்று நாளாக அண்ணியை என்னவெல்லாம் பேசிவிட்டாள்!

அண்ணி நாத்தனாரின் சாப்பாட்டை அவள் அறை வாசலில் வைத்துவிட்டு, சுகாதாரப் பணியாளர் சொல்லியிருந்தபடி ஆறடி தள்ளிப் போய் நின்றாள். நாத்தனார் அதைத் தொடவில்லை. அண்ணிக்கும் ஒரு தட்டில் சாப்பாடு போட்டு வந்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

அண்ணி அந்த ஆறடியைத் தாண்டி வரவில்லை.