நாற்பத்தொன்றாம் தட்டு

கண் மருத்துவமனையின் மூன்றாம் மாடி ஆய்வகத்தில் அக்காவுக்கு வேலை. செல்களுக்குச் சாப்பாடு போடுகிறேன் என்பாள் வீட்டில். விழித்திரைக்கு அடியில் இருக்கும் செல்களைச் சின்னத் தட்டுகளில் வளர்ப்பார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதியதை ஊற்றி, நுண்ணோக்கியில் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். எழுத மூன்று வார்த்தைதான்: நன்று, சுமார், செத்தது. பன்னிரண்டு வருஷமாக 'நன்று' என்றால் அவளுக்கு நிம்மதி, 'செத்தது' என்றால் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் யாரும் அவளுக்குச் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

தம்பி லேத் பட்டறைக்காரன். இரும்புச் சுருள் தெறித்து வலது கண்ணில் விழித்திரை பிய்ந்துவிட்டது. இடது கண்ணில் பிறந்ததிலிருந்தே வெறும் வெளிச்சம்தான். ஆக, இருந்தது ஒரே கண். கீழ்த்தளத்தில் ஆபரேஷன் செய்து ஒட்டினார்கள். உள்ளிருந்து எடுத்த கூழ்போன்ற திரவம் கொஞ்சம், பெயரில்லாமல் 41 என்ற எண்ணோடு மேலே வந்தது. அன்று நடந்ததே ஒரு ஆபரேஷன்தான். யாருடையது என்று கண்டுபிடிக்க ஜோசியமா பார்க்க வேண்டும்?

அதைச் செல்களுக்கு ஊற்றினாள். மற்ற தட்டுகள் தூங்கி வழிந்தன. நாற்பத்தொன்று மட்டும் மூன்றே நாளில் இடமில்லாமல் முண்டியடித்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போனை எடுத்தாள்.

"டேய், உன் கண்ணுல இருந்தது என்ன தண்ணிடா! செல்லெல்லாம் எப்படி வளருது தெரியுமா? உனக்குச் சீக்கிரம் ஆறிடும், பாரேன்."

"நெஜமாவாக்கா?"

"பன்னெண்டு வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டு நம்பினான். மூன்றாம் வாரம் பார்வையின் ஓரத்தில் ஒரு நிழல் இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மனைவி கெஞ்சினாள். "ஆறும்போது அப்படித்தான் இருக்கும். அக்கா லேப்ல பாத்துட்டே சொல்லிடுச்சு" என்று அவள் வாயை அடைத்தான். பத்து நாள் போயிற்று.

டாக்டர் பரிசோதித்துவிட்டு வராந்தாவுக்கு வந்தார்.

"ஆறுறதும் அளவோட இருக்கணும்மா. உள்ள செல்லு தாறுமாறா வளந்து தழும்பாயிடுச்சு. அது சுருங்கி விழித்திரையையே இழுத்துடுச்சு. நிழல் தெரிஞ்ச அன்னிக்கே வந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். ஏன் வரலை?"

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார்.

"சில பேர் கண்ணுத் திரவமே செல்லைக் கிளப்பி விட்டுடுது. அதைப் பாக்கத்தானே மேல அனுப்புறோம். ஆமா, நாப்பத்தொண்ணு எப்படி இருக்கு?"

"நல்லா வளருது, சார்."

சொன்ன நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி காலடிச் சத்தத்திலேயே அவளைத் தெரிந்துகொண்டான். "நீ சொன்னபடியே நல்லா வளந்துச்சாமேக்கா" என்று சிரித்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

மேலே வந்தாள். அன்று திரவம் மாற்றும் முறை. மாற்றாமல் விட்டால் நாலு நாளில் எல்லாம் செத்துவிடும். தட்டைக் கையில் எடுத்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் புதியதை ஊற்றினாள்.

நுண்ணோக்கியில் பார்த்தாள். நோட்டைத் திறந்து 41-க்கு நேரே எழுதினாள்: நன்று.