ஐந்தாவது கதிரை

மேசைத் தலைப்பில் பாடசாலை அதிபர் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் கல்விக் கந்தோரிலிருந்து வந்த அதிகாரி ஐயா, யன்னலோரம் தையல் ரீச்சர் புஷ்பவதி, கதவடியில் துறைமுகக் கிளாக்கர் ஸைனுலாப்தீன். அவருடைய பதினாலு வயது மகள் ஸல்ஹாவுக்குக் கதிரை போடவில்லை. அவள் பக்கத்து வகுப்புக்குப் போய் ஒன்றைத் தூக்கிவந்து வாப்பாவின் அருகில் போட்டு அதில் இருந்தாள்.

ஸல்ஹாவுக்கு டவுன் சிண்ட்ரோம். அவளைத் தையல் வகுப்பில் சேர்க்கக் கேட்டு வாப்பா எழுதிய மூன்று கடிதங்களுக்கும், பிள்ளையை நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்றே பதில் வந்தது. அதனால்தான் கூட்டிவந்திருந்தார்.

"இவவுக்கு ஊசி பிடிக்க ஏலுமே?" ஐயா அதிபரைக் கேட்டார்.

"அவவிட்டயே கேளுங்களன், சேர்," என்றார் ஸைனுலாப்தீன்.

ஐயா கேட்கவில்லை. ஸல்ஹா தன் சட்டையைப் பூட்டியிருந்த தெறி ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "இது நான் தைச்சது."

ரீச்சர் மட்டும் எழுந்துவந்து இழுத்துப் பார்த்தார். "நல்ல இறுக்கமா இருக்கு."

"பாப்பம்," என்று ஐயா கடிதக் கோவையை மூடினார்.

பத்தாம் நாள் பதில் வந்தது. சமுகமளித்தோர் நால்வர்; பிள்ளையை நேரில் பார்க்காதபடியால் முடிவு ஒத்திவைக்கப்படுகிறது.

"நான் போனனான்தானே, வாப்பா?"

"ஓம் மகள். நாலு கதிரைதான் போட்டவங்க, நாலு பேரத்தான் எழுதியிருக்காங்க."

ஸைனுலாப்தீன் நாலாவது கடிதத்தைத் தொடங்கினார். யார் யார் எங்கே இருந்தார்கள் என்று வரிசையாக எழுதி, ஐந்தாவதாக மகளின் பெயரைப் போட்டார். அதன் பக்கத்தில் அவளையே கையெழுத்து வைக்கச் சொன்னார். உறையை அவளே ஒட்டினாள். இருவருமாகத் தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள்.