நசீபாவின் பாஸ்வேர்டு

மஞ்சுஷாவிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். அதற்கு உண்மையைச் சொல்லியிருந்தால் தலையா போயிருக்கும்? கூடிப்போனால் மேனேஜர் ஜிதின் சார் முகத்தைச் சுளித்திருப்பார். அந்தச் சுளிப்புக்குப் பயந்துதான் மகராசி அந்தப் பாவத்தைப் பண்ணினாள்.

2007ஆம் வருஷம். மிளகும் ஏலக்காயும் கப்பலேற்றும் பெரிய கொச்சிக் கம்பெனி அது. மட்டாஞ்சேரியில் கிடங்கு, ஏலூரிலும் வைப்பினிலும் கிளைகள், வெலிங்டன் தீவில் தலைமை ஆபீஸ். அதற்கு முந்தின வருஷம் கணக்குப் பார்க்க வந்த யாரோ ஒருத்தர் தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து செருக, அதிலிருந்த வைரஸ் பரவி எல்லாக் கம்ப்யூட்டரும் படுத்துவிட்டது. அன்று முதல் முதலாளிக்கு நிம்மதி போயிற்று. யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க்குக்குள் நுழைகிறார்கள் என்று பார்த்து, சரியில்லாதவர்களை வாசலிலேயே மறிக்கிற பெட்டி ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்றார். அதைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியில் சிஸ்டம்ஸ் பிரிவின் இளைய அதிகாரி மஞ்சுஷாவும் இருந்தாள்.

வந்தவற்றைக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, முதல் மாசம் யாரையும் தடுக்காது. சும்மா கவனித்து, எங்கெங்கே கோளாறு என்று சொல்லும், நாம் திருத்திக்கொள்ளலாம். மற்றது முதல் நாளிலிருந்தே கறார். ஒரே லாகின் பேரில் இரண்டு கம்ப்யூட்டர் திறந்திருந்தால் அந்தப் பேரையே பூட்டிவிட்டு மேலிடத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். செய்து காட்டும்போது திரையில் சிவப்புச் சிவப்பாக எரிந்ததைப் பார்த்ததுமே ஜிதின் சாருக்கு அதன்மேல் ஆசை விழுந்துவிட்டது.

அதை விற்க வந்தவன்கூட நியாயஸ்தன். "ஒரு பேரை நாலு பேர் பகிர்ந்துக்கிற பழக்கம் எங்கயாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அப்படின்னா இது உங்களுக்குச் சரிப்படாது" என்றான்.

ஜிதின் சார் மஞ்சுஷா பக்கம் திரும்பினார். "மட்டாஞ்சேரி உன்னோட இடமல்லே? அங்க அப்படி ஏதும் உண்டா?"

உண்டாவா! அந்தக் கிடங்கு ஆபீஸ் ஓடியதே அதில்தான். அங்கே பாதிப் பேர் தற்காலிகம். அவர்களுக்குத் தனித்தனிப் பேரும் பாஸ்வேர்டும் கேட்டு எழுதினால், அந்தக் காகிதம் தலைமை ஆபீஸில் மாசக்கணக்கில் தூங்கும். கப்பல் அதற்காகக் காத்திருக்குமா? ஆகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் வீடு என்பதால் காலையில் முதலில் வருகிறவள் நிரந்தர கிளார்க் நசீபா. ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டரையும் தன் பேரிலேயே திறந்து வைத்துவிடுவாள். பின்னால் வருகிறவர்கள் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பார்கள். மஞ்சுஷாவே தலைமை ஆபீஸுக்கு மாற்றலாகிற வரைக்கும் நசீபாவின் பேரில்தான் வேலை பார்த்தாள். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் ஒரே பாத்திரத்தில் தின்ற சிநேகிதிகள்.

இதைச் சொன்னால், பேர் கொடுக்காமல் இழுத்தடித்தது தன் பிரிவுதான் என்பது சபையில் வெளிப்படும். 'அப்போ நீயும் இப்படித்தானா?' என்று அடுத்த கேள்வி வரும். முனிசிபாலிட்டித் தொழிலாளியின் மகள் முட்டி மோதிப் பிடித்த நாற்காலி அது.

"இல்ல சார்" என்றாள் மஞ்சுஷா.

கறாரான பெட்டிக்கே ஆர்டர் போனது. நசீபாவின் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான் என்று மஞ்சுஷாவுக்குத் தெரியாதா என்ன? குறுகுறுப்புத் தாங்காமல் பெட்டி வருவதற்கு முன்னால் போன் போட்டாள்.

"நசீபா, உன் பாஸ்வேர்டை மாத்திடுடி."

"எந்தாடி, என்ன விசயம்?"

"புதுசா ஒரு மெஷின் வருது. சும்மாதான்... கொஞ்சம் கவனமா இரு."

"நீ சொன்னா சரிதான். பின்னே, ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா கேட்டியா? உம்மா அரிசிப் பத்திரி சுடுறா."

'இனிமே யாருக்கும் கொடுக்காதே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் ஏன் என்பாள். நீ ஏன் அங்கேயே வாயைத் திறக்கவில்லை என்பாள். மஞ்சுஷா போனை வைத்துவிட்டாள். அடிப்பாவி, அந்த ஒரு வார்த்தைக்கு உன் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

நசீபா சொன்ன பேச்சைத் தட்டாதவள். அன்றைக்கே மாற்றினாள். மாற்றிவிட்டு, எப்போதும்போல எழுந்து நின்று புதுப் பாஸ்வேர்டை ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். சாயா குடித்துவிட்டு வருவதற்குள் திரை பூட்டிக்கொண்டால் பாவம் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குக் கவலை.

பெட்டியை முடுக்கிய அன்று நசீபா வழக்கம்போல வந்தாள், வழக்கம்போல எல்லாவற்றையும் திறந்தாள். பெட்டி அவள் பேரைப் பூட்டியது. கிடங்கிலிருந்து ஒரு காகிதமும் துறைமுகத்துக்குப் போகவில்லை. மிளகுக் கண்டெய்னர்களை விட்டுவிட்டுக் கப்பல் கிளம்பிவிட்டது. முதலாளிக்குப் போன தகவலில் ஒரே ஒரு பேர்தான் இருந்தது.

விசாரணைக்கு நசீபாவைத் தலைமை ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். பயந்து பயந்து உள்ளே வந்தவள், ஜிதின் சார் பக்கத்தில் மஞ்சுஷாவைக் கண்டதும் முகம் தெளிந்தாள்.

"பாஸ்வேர்டை யாருக்கெல்லாம் கொடுத்தே?" என்றார் அவர்.

"எல்லார்க்கும்தான் சார். அவங்களுக்குப் பேரு கிட்டலியே, பின்னே வேலை எப்படி நடக்கும்? ஆனா நான் கவனமாத்தான் இருந்தேன் சார். மஞ்சு மாத்தச் சொன்னா, அன்னிக்கே மாத்தினேன். வேணும்னா அவளையே கேளுங்க."

எல்லாரும் மஞ்சுஷாவைப் பார்த்தார்கள். அவள் மேஜையைப் பார்த்தாள்.

"எல்லாக் கிளைக்கும் சொல்ற மாதிரி சொன்னேன் சார். யாருக்கும் கொடுக்கக் கூடாதுங்கிறது எல்லார்க்கும் தெரிஞ்சதுதானே."

நசீபா கொஞ்சம் யோசித்தாள். "அது சரிதான் சார். தப்பு என்னோடதுதான்" என்றாள். அன்று சாயங்காலமே அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போட் ஜெட்டி வரைக்கும் மஞ்சுஷா கூடவே நடந்தாள். சொல்லிவிட வேண்டும், இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்தாள். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. நசீபா தலையில் போட்டிருந்த தட்டத்தின் முனையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அட, வேலை போனது எனக்கு, நீ எதுக்குடி அழுறே? அந்தப் புள்ளைங்களுக்காவது சீக்கிரம் பேரு போட்டுக் குடு."

"நசீபா, நான்..."

"உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லடி. இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா நீ எங்கிட்ட சொல்லாம இருந்திருப்பியா?"

இருந்திருக்க மாட்டேன் என்று மஞ்சுஷா தலையை ஆட்டினாள்.