கையில் இல்லாத மூன்று

நுன்சியோ ஐயாவுக்கு எண்பத்தொரு வயது. மர்சாலா நகரத்தில் முப்பத்தாறு வருஷம் டவுன் பஸ் ஓட்டினவர். அவருக்குச் சமைப்பதும் அவரைக் காரில் கூட்டிப்போவதும் என் வேலை. போன ஜனவரியில் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு தேறிவிட்டது. வாய் மட்டும் இடதுபக்கம் கோணியபடியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து காப்பிக்கடைக்குப் போவதில்லை. சீட்டை எடுப்பதில்லை. காரில் ஏறினால் முதல் வேலையாகத் தலைக்கு மேலிருக்கும் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை மூடிவிடுவார்.

அக்டோபரில் ஒரு ராத்திரி குளியலறையில் விழுந்தார். காலையில் நான் போய்த்தான் தூக்கினேன். மகள் லொரெடானா தொலைவிலிருக்கும் டுரின் நகரத்திலிருந்து ஓடிவந்தாள். இனி அவரைத் தனியாக விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் ஒரு முதியோர் இல்லம் முடிவாக வேண்டும். இணையத்திலிருந்து நாற்பத்திரண்டு கேள்விகளை அச்செடுத்து வைத்திருந்தாள்.

"நாப்பத்திரெண்டா? பஸ் லைசென்ஸுக்குக்கூட என்னை பன்னெண்டுதான் கேட்டாங்க," என்றார் ஐயா.

வெள்ளிக்கிழமை பார்த்த இல்லம் கேள்விகளில் முக்கால்வாசிக்கு மேல் தேறியது. பளிங்குத் தரை, ஒவ்வொரு கட்டிலிலும் அழைப்பு மணி, தோட்டத்தில் நாற்காலிகள். நர்ஸ் ஓடிவந்து ஐயாவின் கன்னத்தைத் தட்டினாள்.

"வாங்க தாத்தா செல்லம். பாஸ்தாவை மசிச்சுக் குடுக்கவா? வாய்க்கு சுலபமா இருக்கும்."

கேட்காமலே கழுத்தில் துண்டும் கட்டிவிட்டாள். ஐயா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. காரில் கண்ணாடி மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"நல்ல இடம்தானேப்பா?" என்றாள் மகள்.

"நல்ல இடம். உன் அப்பனை நல்லா தொடச்சு வச்சுக்குவாங்க."

சனிக்கிழமை உப்பளம் பக்கம் இருந்த இல்லத்துக்குப் போனோம். வெளுத்த திரைச்சீலை. லிஃப்ட் முனகியது. லொரெடானா உதட்டைக் கடித்துக்கொண்டு, குளியலறைக் கைப்பிடிகளைப் பார்க்கப் பொறுப்பாளரோடு மாடிக்குப் போனாள். நானும் ஐயாவும் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றோம். அங்கே ஒரு மேஜையில் மூன்று பேர் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன நிக்கிறீங்க, உக்காருங்க," என்றார் அவர்களில் ஒருவரான செத்திமியா அம்மா. பருத்த உடம்பு, கம்பளிச் சால்வை. "எங்க நாலாவது ஆளு பல்லு புடுங்கப் போயிட்டாரு. என்ன வேலை பாத்தீங்க?"

"டிரைவர்."

"அப்ப எனக்கு எதிர்ல உக்காருங்க டிரைவரே. நாம ஒரு கட்சி."

காலி நாற்காலிக்கு முன்னால் மூன்று சீட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. ஐயா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். உட்கார்ந்தார்.

அவர்கள் ஆடிய பிரிஸ்கொலா என்ற சீட்டாட்டத்தில் எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். எதிர்க்கட்சி பார்க்காத நேரத்தில் கூட்டாளிக்கு முகத்தால் சைகை காட்டலாம். துருப்பில் மூன்று கையில் இருந்தால் வாயை ஒருபக்கம் கோண வேண்டும். ஏஸை விட்டால் அதுதான் பெரிய சீட்டு.

செத்திமியா அம்மா ஐயாவின் வாயைப் பார்த்தார். துருப்பு அல்லாத, ஆனால் பதினோரு பாயின்ட் பெறும் கோப்பை இன ஏஸைத் தெம்பாக எடுத்து வீசினார். அடுத்திருந்த ஒனோஃப்ரியோ, முன்னாள் தபால்காரர், சின்னத் துருப்பால் வெட்டினார். ஐயா மூன்றை இறக்கினால் எல்லாம் இவர்களுக்கு. ஐயா இறக்கியது ஒன்றுக்கும் உதவாத வாள் இன நாலு.

"டிரைவரே, மூணு எங்க?"

"எந்த மூணு?"

"உக்காந்ததுலேருந்து காமிச்சிட்டே இருக்கீங்களே."

மாடியிலிருந்து இறங்கிய லொரெடானா வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் அங்கே தந்த காப்பியைக் கீழே வைத்தேன்.

"அது சைகை இல்லம்மா," என்றார் ஐயா மெதுவாக. "என் வாயே இப்படித்தான். பக்கவாதம்."

செத்திமியா அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதை சீட்டு போடறதுக்கு முன்னாடி சொல்றதுக்கென்ன? பதினோரு பாயின்ட்டு போச்சு."

"நானும் நம்பிட்டேன்," என்றார் ஒனோஃப்ரியோ. "அந்த மூணுக்குப் பயந்துதான் பெரிய சீட்டு எதையும் எறக்கல."

ஐயாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஒன்பது மாதமாக நான் கேட்காத சத்தம். தோள் குலுங்கச் சிரித்தார். வாய் இன்னும் கோணியது.

"சிரிக்காதீங்க, மறுபடி மூணு வருது," என்றார் அந்த அம்மா. பிறகு மேஜையைத் தட்டினார். "இனிமே இவருக்கு மட்டும் மூணுக்குச் சைகை இடது கண்ணைச் சிமிட்டறது. எல்லாருக்கும் சம்மதமா? ஒனோஃப்ரியோ, நான் பேசறப்ப என் சீட்டை எட்டிப் பாக்காதே."

லொரெடானா அருகே வந்தாள். "அப்பா, இன்னும் பதினேழு கேள்வி பாக்கி. லிஃப்ட் வேற முனகுது."

"முனகட்டும். நானும்தான் முனகறேன். நீ உன் கேள்விய முடி, நான் என் ஆட்டத்த முடிக்கிறேன்."

அவள் தாள்களை மடித்துப் பைக்குள் போட்டாள். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவின் பின்னால் உட்கார்ந்து சீட்டைப் பார்த்தாள். பதினேழையும் அவள் கேட்கவே இல்லை.

திரும்பும்போது ஐயா காரில் ஏறியதும் அந்தக் கண்ணாடியைத் திறந்தார். வெகு நேரம் இடது கண்ணைச் சிமிட்டிக்கொண்டே வந்தார்.

"மூடுதா, பாரு," என்றார் என்னிடம்.

"பாதிதான் மூடுது ஐயா."

"பாதி போதும். அந்தம்மாவுக்குப் பார்வை நல்லாத்தான் இருக்கு."