அக்காவின் பிரேக்

பழைய சினிமா ஒன்றில் வரும் விண்வெளித் துப்பாக்கியை அச்சு அசலாகச் செய்ய ஒரு எலெக்ட்ரீஷியன் ஏழு வருஷம் அலைந்தார். அதன் குழாயும் திருகும் எந்தச் சாமானிலிருந்து கழற்றியவை என்று அவர் சேர்ந்திருந்த அந்தப் பட ரசிகர் குழு கண்டுபிடித்துவிட்டது. பிடி மட்டும் தண்ணி காட்டியது. ஒருநாள் அக்காவின் சக்கர நாற்காலியைத் தள்ளும்போது பிரேக் பிடியில் கை பட்டது. அதே வளைவு, அதே மூன்று பள்ளம்! தலைகால் புரியாமல் படமெடுத்துக் குழுவில் போட்டார்.

நாலு மாதத்தில் அந்த பிரேக் உடைந்தது. ரிப்பேர்க்காரர் கையை விரித்தார். "பழைய மாடல் சார், வேற பிரேக் பொருந்தாது. மிச்சமிருந்ததை எல்லாம் யாரோ சினிமாப் பைத்தியங்க வாங்கிட்டாங்க."

அவரும் ஒன்று வாங்கி, துப்பாக்கிக்காக அறுத்திருந்தார். குழுவில் கெஞ்சிப் பார்த்தார். எல்லோருமே அறுத்துத் துளை போட்டிருந்தார்கள். "எல்லாம் உங்க புண்ணியம்ணே" என்று ஒருவன் தன் துப்பாக்கியைப் படமெடுத்து அனுப்பினான்.

"எந்தப் பாவிடா அத்தனையையும் வாரிக்கிட்டுப் போனது? இனிமே நான் தனியா வெளிய போக முடியாதா?" என்றாள் அக்கா.

அவர் வாசல் சரிவில் நாற்காலி உருளாமல் இரு கையாலும் பிடித்தபடி நின்றார்.