இரவல் முழங்கால்கள்

1.

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதைவிட இது மேல்.

லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் 'பொழுது டிவி' இயங்குகிறது. அதில் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் புத்தகங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பது வாரம் பேசினேன். பத்தாவது வாரம் நிலைய உரிமையாளர் செல்வரத்தினம் என் தோளில் கைபோட்டார்.

"அண்ணை, சனத்துக்கு இப்ப சுகர், பிரஷர், கொலஸ்ட்ரோல். புத்தகத்தை ஆர் பாக்கினம்? உங்கட நேரத்துக்கு ஒரு விளையாட்டு வீராங்கனையைப் போடப்போறன்."

அந்த வீராங்கனையின் பெயர் பியற்றிஸ். இந்தக் கதையின் நாயகி அவள்தான். எனக்கு அவளைப் பிடிக்காது.

2.

முதலில் எழுதிய தொடக்கம்: "மன்னார் மைதானத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு பறந்த அந்தக் கால்கள் இன்று—"

வெட்டிவிட்டேன். காற்று கிழிந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

இரண்டாவது தொடக்கம்: "ஓய்வுபெற்ற வீரர்கள் தொலைக்காட்சியில் தோன்றி நம்மை எழும்பச் சொல்வது இக்காலத்தின்—"

இது கட்டுரை. ஆனாலும் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிவிட்டுப் போகிறேன். எல்லாத் தேசத்திலும் இந்தக் கூட்டம் இருக்கிறது. முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பதக்கம், இன்றைக்கு ஒரு ட்ராக் சூட், வாய் நிறையப் பல். பதினெட்டு வயதில் பொழுதெல்லாம் ஓடிக்கொண்டிருந்த ஒருவர், இரண்டு ஷிப்ட் முடித்துச் சோபாவில் விழுந்து கிடப்பவனைப் பார்த்து "உங்களாலும் ஏலும்" என்கிறார். அவன் சோம்பேறியாம். அறிவுரை முடிந்த கையோடு விளம்பரம் வருகிறது. பொழுது டிவியில் அது ரோல்ஸ் கடை விளம்பரம். பத்து ஆட்டிறைச்சி ரோல்ஸ் வாங்கினால் இரண்டு இலவசம்.

[இந்தப் பந்தியை வெட்டச் சொல்லி மனைவி சொன்னாள். வெட்டவில்லை.]

3.

பியற்றிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. 1984இல் மன்னார் மாவட்டப் பாடசாலைகளின் போட்டியில் நூறு மீற்றர் தடைதாண்டலில் முதலிடம். அதோடு சரி. ஆனால் செல்வரத்தினத்தின் திரையில் அவள் வாரா வாரம் வளர்ந்தாள். முதல் வாரம் மாவட்ட வீராங்கனை. மூன்றாம் வாரம் தேசிய வீராங்கனை. ஏழாம் வாரம் ஆசிய வீராங்கனை. அவள் மன்னாருக்கு வெளியே ஒரு பந்தயமும் ஓடியதில்லை. முதன்முறை அந்தப் பொய்யைக் கண்டபோது வாய் திறக்கப் பார்த்தாள். "அக்கா, டிவியெண்டால் அப்பிடித்தான்" என்று செல்வரத்தினம் சிரித்தார். திறந்த வாயை அவளும் சிரிப்பாக்கிக்கொண்டாள்.

நிகழ்ச்சிக்கு 'எழும்புங்கோ லண்டன்' என்று பெயர். அதில் பெரிய பகிடி என்னவென்றால், பியற்றிஸால் கதிரையை விட்டுச் சுலபமாக எழும்ப ஏலாது. இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. சத்திரசிகிச்சைக்கு வரச்சொன்ன கடிதம் மூன்று மாதமாக அவளுடைய கைப்பைக்குள் கிடக்கிறது. போனால் நிகழ்ச்சி வேறு ஆளுக்குப் போய்விடும்.

செல்வரத்தினம் அதற்கும் வழி கண்டார்.

"இடுப்புக்கு மேல நீங்கள் நிண்டு கதையுங்கோ அக்கா. கீழ எல்லாத்தையும் லக்‌ஷிகா செய்வா."

லக்‌ஷிகா ஜிம்மில் வேலை செய்கிற இருபத்தொன்பது வயதுப் பெண். இருவருக்கும் ஒரே நீலக் கால்சட்டை, ஒரே வெள்ளைச் சப்பாத்து. பியற்றிஸ் "மெதுவாக் குந்துங்கோ, முதுகை நேரா வச்சிருங்கோ" என்று சிரித்த முகத்தோடு சொல்வாள். திரையில் லக்‌ஷிகாவின் கால்கள் குந்தி எழும்பும். ஒளிப்பதிவு முடிந்ததும் ஆசிய வீராங்கனை கைபிடியைப் பற்றிக்கொண்டு, சேலைக் கடைப் படிகளில் பின்பக்கமாக ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவாள். லக்‌ஷிகா கீழே நின்று போனைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்வாள்.

4.

இந்த இடத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. இவளைப் பார்த்துச் சிரிப்பது மிகச் சுலபமாக இருக்கிறது. அப்படிச் சுலபமாகச் சிரிக்க முடிந்தால் எழுதுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம்.

மறைத்தது இதுதான். அந்த முழங்கால்கள் தடைதாண்டியதில் போகவில்லை. லண்டனுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் குளியலறைகளில் முழந்தாளிட்டுத் தொட்டி தேய்த்ததில் போயின. அந்த வருடங்களில் அவளை ஒருவரும் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் ஒரு மனிதர் கமெராவுக்கு முன்னால் "வீராங்கனை" என்றார். அவள் ஒத்துக்கொண்டது அந்த ஒரு சொல்லுக்காக.

[இது எனக்கு எப்படித் தெரியும்? தொட்டி தேய்த்தது உண்மை. மிச்சம் என் ஊகம். வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள்.]

5.

ஒரு விடயத்தைச் செல்வரத்தினம் மறந்துவிட்டார். பியற்றிஸ் கத்தோலிக்கப் பெண். மாதத்தில் ஒருமுறை, நானும் போகிற தமிழ்ப் பூசைக்கு வருவாள். திரையில் யாருடைய காலையும் காட்டலாம், கோயிலில் சொந்தக் காலில்தான் முழந்தாளிட வேண்டும்.

அவள் கடைசி வாங்கில், அந்த நீள மர இருக்கையில், தூணுக்குப் பக்கத்தில் இருப்பாள். குருவானவர் அப்பத்தையும் பிறகு கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்றத்துக்கு மணி அடித்ததும் எல்லோரும் முழந்தாளிடுவார்கள். அவள் இருந்த இடத்திலிருந்தே முன்னால் குனிந்து, முன்னாலிருந்த வாங்கில் நெற்றியை வைத்துக்கொள்வாள். தூரத்திலிருந்து பார்த்தால் முழந்தாளிட்டதுபோல் இருக்கும். நான் தூரத்தில் இருக்கவில்லை.

ஆனி மாதப் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது சட்டனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மா அவளுடைய கையைப் பிடித்தாள். பெயர் அஞ்சலீனா, வயது எழுபத்திரண்டு.

"பிள்ளை, ரெண்டு வருசமா நான் முழந்தாளில இருக்கேலாமல் வாங்கிலயே இருந்தனான். உங்கட புரோகிராமைப் பாத்து, சாப்பாட்டு மேசைக் கதிரையைப் பிடிச்சுப் பிடிச்சு இப்ப ஏலுது. உங்கட காலைப் பாத்துத்தான் பழகினனான்."

பியற்றிஸ் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"நல்லது அம்மா" என்றாள். "கதிரையை மட்டும் விட்டிடாதேங்கோ."

"ஆவணித் திருநாளுக்கு உங்களுக்குப் பக்கத்தில இருந்து முழந்தாளிடுவன். மாதாவுக்கு நேந்திருக்கிறன்."

நான் இரண்டடி தள்ளி ரோல்ஸ் தின்றுகொண்டு நின்றேன். எல்லாம் கேட்டது.

6.

இனி நான் சொல்லப்போவதை இரண்டாம் பந்தியிலேயே சொல்லியிருக்க வேண்டும். தள்ளித் தள்ளி இங்கே கொண்டுவந்துவிட்டேன்.

அன்றைக்குப் பின்னேரமே செல்வரத்தினத்துக்குப் போன் எடுத்தேன்.

"ஆவணியில வாற மடு மாதா திருநாள் பூசையை நேரடியாக் காட்டுங்கோவன். பியற்றிஸை முன்வாங்கில இருத்துங்கோ. ஸ்பொன்சர் ஓடி வருவான்."

"அண்ணை" என்றார் அவர். "உங்கட நிகழ்ச்சியை எடுத்த ஆளுக்கே நல்லது செய்யிறீங்கள். உங்களுக்குப் பெரிய மனசு."

இதுதான் என் பெரிய மனசு. தேய்ந்த முழங்காலோடு ஒரு பெண்ணை ஊர் முழுக்கப் பார்க்க முன்வாங்குக்கு இழுத்துவந்தவன் நான். வாசித்துக்கொண்டு வந்த உங்களுக்கு இதுவரை யார்மேல் இளக்காரம் இருந்ததோ தெரியாது. இனி என்மேல் இருக்கட்டும்.

7.

திருநாள். முன்வாங்கு. இடது பக்கம் கமெரா. வலது பக்கம் புதுச் சேலையில் அஞ்சலீனா. நடுவில் பியற்றிஸ், மடியில் கைப்பை. பக்கத்து வரிசையில் நான்.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் எழும்பாமல் வாங்கிலேயே இருந்துவிடுகிறாள். திரையில் அவளுடைய மடிக்குக் கீழே "ஆசிய வீராங்கனை" என்ற எழுத்து ஓடுகிறது. சனம் சிரிக்கிறது. எனக்குப் புத்தக நிகழ்ச்சி திரும்பக் கிடைக்கிறது. [நான் விரும்பிய முடிவு. எழுதி முடித்ததும் கை கழுவினேன்.]

ஆ. முழந்தாளிடுகிறாள், எழும்ப முடியவில்லை, அம்புலன்ஸ்— மலிவு. விட்டுவிட்டேன்.

இ. அஞ்சலீனா அவளுடைய தோளை மெதுவாக அமத்துகிறாள். "இருங்கோ பிள்ளை. கால் வேற ஆளின்ர எண்டு எனக்கு முதல் கிழமையே தெரியும்." இதை எழுதும்போது என் கண்ணே கலங்கியது. பொறாமைக்காரன் எழுதும் கருணையை நான் நம்பவில்லை. நீங்களும் நம்பாதீர்கள்.

நடந்தது இவ்வளவுதான். எழுந்தேற்றத்தின் முதல் மணி அடித்தது. அஞ்சலீனா ஒன்றையும் பிடிக்காமல் முழந்தாளிட்டாள். இட்டுவிட்டுத் திரும்பி, பள்ளிக்கூடப் பிள்ளை ரீச்சரைப் பார்ப்பதுபோல் பியற்றிஸைப் பார்த்துச் சிரித்தாள். பியற்றிஸ் மடியிலிருந்த கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள். முன்னாலிருந்த மரத் தடுப்புக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். அந்த நொடியில் பொழுது டிவி ரோல்ஸ் விளம்பரத்துக்குப் போய்விட்டது. கோயிலில் மற்ற எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள்.

அஞ்சலீனாவைத் தவிர, குனியாமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். எதற்காக வந்தேனோ அதைக் கடைசிவரை பார்த்தேன். அதைச் சொல்லமாட்டேன். இந்தக் கதையில் நான் அவளுக்குச் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம் அது.

முடிவு வேண்டுமென்று நிற்பவர்களுக்கு ஒரு நிபந்தனை. இருக்கும் இடத்திலேயே எழும்பி நின்று, ஒன்றையும் பிடிக்காமல் தரையில் முழந்தாளிட்டு, ஒன்றையும் பிடிக்காமல் எழும்புங்கள். எழும்பிவிட்டால் அவளுக்கு என்ன நடந்தது என்று உங்கள் விருப்பம்போல் எழுதிக்கொள்ளலாம். இந்தப் பக்கத்தை எழுதுமுன் நானும் செய்து பார்த்தேன். மேசையைப் பிடித்துத்தான் எழும்பினேன்.

கைப்பை தரையில் இருக்கிறது. அஞ்சலீனா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது மணி அடிக்கப்போகிறது.

எழும்புங்கள்.