ஆறுதல் அடுத்த வாரம்

சனிக்கிழமை காலையிலிருந்தே போதகருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி நாளைய பிரசங்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கணினி முன் உட்கார்ந்து அவருடைய தங்கை தட்டச்சு செய்தாள். புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பையோடு அவள் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தேன் என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. நல்ல குடும்பம் போங்கள்!

“எபிரெயத் தீர்க்கதரிசிகளுக்கு நகரம்னா வெறும் கல்லும் மதிலும் இல்ல. அவ ஒரு பெண். கட்டினவரை, அதாவது கர்த்தரை, மதிக்காம விட்டுட்டுப் போன மனைவி. அதனால தெருவே பார்க்க அவமானப்பட்டா. அடிச்சிட்டியா?”

“அடிச்சிட்டேன்.” நாளைக்குச் சபையில் அத்தனை தலையும் அவள் பக்கம்தானே திரும்பும்? “அண்ணா, இது வேணாமே.”

“நானா சொல்றேன்? தீர்க்கதரிசி சொன்னது. நாளைக்கு மாப்பிள்ளையும் வர்றார். கேட்டுட்டு அவரோட கிளம்பற வழியைப் பாரு.”

ஓஹோ, சபைக்கென்று பேர் பண்ணி இவள் ஒருத்திக்காகத் தயாராகிற பிரசங்கமா இது!

“இதோட முடிஞ்சிடுமா?” என்றாள்.

“அதெப்படி? அடுத்த வாரம் ஆறுதல்.” ஒரு ஞாயிறு மிரட்டல், மறு ஞாயிறு தேற்றல் என்று பிரிப்பது அவர் வழக்கம். அப்போதுதான் ஆட்கள் மறுபடி வருவார்களாம். “தண்டிச்ச கர்த்தரே அவளைத் தேடிப் போய், அன்பாப் பேசி, திரும்பக் கூட்டிட்டு வர்றார். என்ன அழகான இடம் தெரியுமா!”

“தெரியும்ணா. அந்த வீட்டுலதானே ஆறு வருஷம் இருந்தேன்.” அவள் விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். “பெல்ட்டால அடிப்பார். மறுநாள் காபி போட்டுக் கொண்டுவந்து, காலைப் பிடிச்சுட்டு அழுவார். எனக்கு பெல்ட்டை விட அந்தக் காபியைப் பார்த்தாத்தான் பயம். குடிச்சா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். பாவம், அந்த நகரத்துக்கு எழுந்து போகக் கால் இல்ல. எனக்கு இருந்துச்சு, வந்துட்டேன்.”

போதகர் கைபேசியை எடுத்தார். “மாப்பிள்ளை, நாளைக்கு வராதீங்க. இனிமே வரவே வேணாம்.” மறுமுனை பேசுவதற்குள் வைத்துவிட்டார்.

நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். “வந்த அன்னைக்கே எங்கிட்ட ஏம்மா சொல்லல?”

“கல்யாணத்துக்கு முன்னாடியெல்லாம் உன் பிரசங்கம் பூராவும் தட்டினது நான்தானேண்ணா,” என்றாள் அவள். “நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா?”